பல நெட்வொர்க் உள்ள விர்ச்சுவலைசேஷன் ஹோஸ்டில் கேட்வே சிக்கல்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்குவது

ஹோஸ்டில் (விஎம் எனப்படும் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் சர்வரில்) நான்கு நெட்வொர்க் இருந்தால் நான்கு கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ரவுட்டர்) வேண்டும் என்று நினைப்பதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது. வேண்டாம். ஒரு ரூட்டிங் டேபிளுக்கு (எந்த முகவரிக்கு எந்த வழி என்ற பட்டியலுக்கு) ஒரு டிஃபால்ட் கேட்வே போதும். நேரடியாக இணைந்திருக்கும் சப்நெட்டுக்கு (ஒரே முகவரி வரம்பில் உள்ள நெட்வொர்க் பகுதிக்கு) போக கேட்வே தேவையே இல்லை. வேறு எந்த ரூட்டிலும் பொருந்தாத முகவரிக்குப் போகும் பாக்கெட்டுக்குத்தான் அது தேவை. கீழே வரும் எந்த அறிகுறியிலும் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பாக்கெட் எப்படி வந்தது என்பது இருக்கட்டும், பதில் எந்த வழியாகத் திரும்பப் போகிறது?

எடுத்துக்காட்டு எல்லாம் இந்த அமைப்பை வைத்தே:

மேலாண்மை: 10.10.0.0/24, பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்ச்) விஎம்பிஆர்0, ஹோஸ்ட் 10.10.0.11, ரவுட்டர் 10.10.0.1
ஸ்டோரேஜ்: 10.20.0.0/24, பிரிட்ஜ் விஎம்பிஆர்1, ஹோஸ்ட் 10.20.0.11, ரவுட்டர் 10.20.0.1
விஎம்களுக்கு: 10.30.0.0/24, பிரிட்ஜ் விஎம்பிஆர்2, ஹோஸ்டுக்கு இதில் முகவரி இல்லை
அட்மின் கணினிகள்: ரவுட்டர்களுக்கு அப்பால் 10.60.0.0/16

கை வைக்கும் முன் சர்வரின் ரிமோட் கன்சோல் திறக்கிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை கொடுக்கும் இணைப்பு) வழியாக உள்ளே இருந்துகொண்டு டிஃபால்ட் ரூட்டை அழிப்பது உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதுதான். ‘ஐபி ரூட்’ கட்டளையால் செய்யும் மாற்றம் ரீபூட் ஆனால் போய்விடும். ஆகவே முதலில் கட்டளையில் சோதித்து, சரியான பிறகே கோப்பில் எழுதுங்கள். நெட்பிளான் (உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவி) உள்ள இடத்தில் ‘நெட்பிளான் ட்ரை’ கொடுத்தால், 120 விநாடிக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.

அறிகுறி: ரீபூட்டுக்குப் பிறகு சில நேரம் வெளியே போகிறது, சில நேரம் போவதில்லை

இரண்டு இன்டர்ஃபேஸில் கேட்வே வரி இருக்கிறது. வேறு காரணத்தைத் தேடும் முன் இதைப் பாருங்கள்:

ஐபி ரூட் ஷோ டிஃபால்ட்

இரண்டு வரி வந்தால் சந்தேகம் உறுதி. ஒரே வரி வந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பழைய இஃப்அப்டவுன் (டெபியனில் இன்டர்ஃபேஸ்களை ஏற்றி இறக்கும் கருவி) இரண்டாவது கேட்வேயைச் சேர்க்கப் போகும்போது, அதே மெட்ரிக்கில் (ரூட்டின் முன்னுரிமை எண்ணில்) ஒரு டிஃபால்ட் ஏற்கெனவே இருப்பதால் கெர்னல் ‘ஃபைல் எக்ஸிஸ்ட்ஸ்’ என்று மறுக்கும். முதலில் எழுந்த இன்டர்ஃபேஸின் கேட்வே நிலைக்கும். இரண்டாவது இன்டர்ஃபேஸ் தோல்வி என்று லாகில் பதிவாகும். எது முதலில் எழுகிறது என்பது மாறினால் நடத்தையும் மாறும்.

ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற விர்ச்சுவலைசேஷன் மென்பொருளின் வலைப் பக்கத்தில் இரண்டாவது பிரிட்ஜுக்கு கேட்வே கொடுத்தால், டிஃபால்ட் கேட்வே ஏற்கெனவே விஎம்பிஆர்0-வில் இருக்கிறது என்று சொல்லித் தடுத்துவிடும். ஆனால் இன்டர்ஃபேசஸ் கோப்பைக் கையால் திருத்துபவரை யாரும் தடுப்பதில்லை. அந்தக் கோப்பில் ‘கேட்வே’ என்ற சொல்லைத் தேடி, விஎம்பிஆர்0 தவிர மற்ற இடங்களில் அந்த வரியை எடுத்துவிட்டு ‘இஃப்ரீலோட்’ கட்டளையை எல்லா இன்டர்ஃபேஸுக்கும் சேர்த்து ஓட்டுங்கள்.

இரண்டாவது டிஃபால்ட் கோப்பில் இல்லாமல் டிஎச்சிபி (முகவரியைத் தானாக வழங்கும் முறை) வழியாகவும் வரலாம். ஸ்டோரேஜ் கார்டு டிஎச்சிபி-யில் இருந்தால் முகவரியோடு ரவுட்டரும் கூடவே வந்து சேரும். நெட்வொர்க் மேனேஜரில் (லினக்ஸின் இன்னொரு நெட்வொர்க் அமைப்புக் கருவி) அந்தக் கனெக்‌ஷனுக்கு ‘ஐபிவி4.நெவர்-டிஃபால்ட்’ என்பதை ‘யெஸ்’ ஆக்குங்கள். நெட்பிளானில் டிஎச்சிபி4-ஓவர்ரைட்ஸ் பகுதியில் ‘யூஸ்-ரூட்ஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள். அப்படியே ‘யூஸ்-டிஎன்எஸ்’ என்பதையும் அணைத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் ஸ்டோரேஜ் நெட்வொர்க் தரும் டிஎன்எஸ் சர்வரைப் பிடித்துக்கொண்டு, முகவரிக்குப் பிங் போகும், பெயருக்குப் போகாது. பழி கேட்வே மேல் விழும்.

ஓவிர்ட் என்ற விர்ச்சுவலைசேஷன் மேலாண்மை மென்பொருளில் இதைக் கையால் செய்யக் கூடாது. கிளஸ்டரின் லாஜிக்கல் நெட்வொர்க்குகளை நிர்வகிக்கும் இடத்தில் ‘டிஃபால்ட் ரூட்’ என்ற பொறுப்பு ஒரே ஒரு நெட்வொர்க்குக்குத்தான் தரப்படும். ஹோஸ்டில் நேரடியாக எழுதியதை விடிஎஸ்எம் (ஹோஸ்டில் ஓடும் ஓவிர்ட்டின் ஏஜென்ட்) பிறகு மாற்றி எழுதிவிடும்.

அறிகுறி: பிரிட்ஜ் உருவாக்கியதும் இணைய டிராஃபிக் ஸ்டோரேஜ் கார்டு வழியாகப் போகிறது

எதையும் கெடுக்கவில்லை, ஒரு பிரிட்ஜ் மட்டும்தான் போட்டோம் என்று தோன்றும். நெட்வொர்க் மேனேஜர் ஒவ்வொரு வகை இன்டர்ஃபேஸுக்கும் தானாக ஒரு மெட்ரிக் கொடுக்கிறது: ஈதர்நெட் 100, பாண்ட் (சேர்த்துக் கட்டிய கார்டுகள்) 300, விலான் (எண் கொடுத்துப் பிரித்த மெய்நிகர் நெட்வொர்க்) 400, பிரிட்ஜ் 425. மெட்ரிக் குறைந்தது ஜெயிக்கும். மேலாண்மைக் கார்டு வெறும் ஈதர்நெட்டாக இருந்தவரை அதன் டிஃபால்ட் 100-இல் இருந்தது. ஸ்டோரேஜ் கார்டில் யாரோ எப்போதோ போட்ட கேட்வே 101-இல் சத்தமில்லாமல் கிடந்தது. மேலாண்மைக் கார்டைப் பிரிட்ஜுக்குள் தள்ளியதும் அதன் டிஃபால்ட் 425-க்குப் போய்விட்டது. இனி ஸ்டோரேஜுக்குத்தான் முன்னுரிமை.

மெட்ரிக்கை மாற்றிச் சரிக்கட்டலாம். ஆனால் சரியான தீர்வு ஸ்டோரேஜ் கனெக்‌ஷனிலிருந்து கேட்வேயை எடுப்பதுதான். இன்னொன்று: ‘ஐபி ரூட் ஆட் டிஃபால்ட்’ என்று மெட்ரிக் சொல்லாமல் கையால் சேர்த்த ரூட்டின் மெட்ரிக் 0. அது மற்ற எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு நிற்கும். சோதனைக்குச் சேர்த்ததை அழிக்க மறந்தால் இதே அறிகுறிதான்.

மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஹோஸ்டிலும் இதே கதை, எண்கள்தான் வேறு. விண்டோஸ் கார்டின் வேகத்தைப் பார்த்து மெட்ரிக் தருகிறது: 1 ஜிபிபிஎஸ் கார்டுக்கு 25, 10 ஜிபிபிஎஸ் கார்டுக்கு 15. இன்டர்ஃபேஸ் மெட்ரிக்கும் ரூட் மெட்ரிக்கும் கூட்டப்பட்டு, கூட்டுத்தொகை குறைந்தது தேர்வாகும். மேலாண்மை 1 ஜி, ஸ்டோரேஜ் 10 ஜி, இரண்டிலும் கேட்வே என்றால் விளைவு முன்கூட்டியே தெரிந்ததுதான். இரண்டாவது கேட்வே கொடுக்கும்போது விண்டோஸ் ஓர் எச்சரிக்கைப் பெட்டி காட்டும். அதில் யெஸ் அழுத்தியவர்கள்தான் பின்னால் தேடிக்கொண்டிருப்பார்கள். கேட்வேயை எடுத்த பிறகும் பிரச்சினை நீடித்தால் ‘ரூட் பிரிண்ட்’ கொடுத்து, அடியில் வரும் பெர்சிஸ்டன்ட் ரூட்ஸ் பகுதியைப் பாருங்கள். பழைய 0.0.0.0 வரி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் அழிக்க வேண்டும்.

அறிகுறி: அதே சப்நெட்டிலிருந்து ஸ்டோரேஜ் முகவரி கிடைக்கிறது, வெளியிலிருந்து கிடைப்பதில்லை

அதிக நேரம் தின்னும் அறிகுறி இது. இதன் இன்னொரு முகம்: பிங் போகிறது, எஸ்எஸ்எச் மட்டும் தொங்குகிறது.

10.60.5.20-இல் இருக்கும் கணினி 10.20.0.11-ஐக் கூப்பிடுகிறது. பாக்கெட் 10.20.0.1 வழியாக விஎம்பிஆர்1-க்கு வந்து சேர்கிறது. ஹோஸ்டின் டேபிளில் 10.60-க்கு தனி ரூட் இல்லை, டிஃபால்ட் 10.10.0.1. ஆகவே பதில் விஎம்பிஆர்0 வழியாகப் போக வேண்டியது. வந்த வழி ஒன்று, போகும் வழி வேறு. இதற்கு மேல் மூன்றில் ஒன்று நடக்கும்.

முதலாவது, கெர்னலே பாக்கெட்டை வாசலில் வீசிவிடும். ஆர்பி ஃபில்டர் (திரும்பும் வழியைச் சோதிக்கும் கெர்னல் அமைப்பு) மதிப்பு 1 என்றால், அனுப்பியவருக்குத் திரும்பப் போகும் வழி அதே இன்டர்ஃபேஸாக இருந்தால்தான் பாக்கெட்டை ஏற்கும். டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) பாக்கெட் வருவது தெளிவாகத் தெரியும், பதில் மட்டும் இருக்காது. ஃபயர்வாலைத் திறந்து பார்த்தும் ஒன்றும் கிடைக்காது. ‘என்ஸ்டாட்’ கட்டளையைப் பூஜ்ய மதிப்புகளும் சேர்த்துக் காட்டச் சொல்லி ஓட்டி, ‘ஐபி ரிவர்ஸ்பாத்ஃபில்டர்’ என்று முடியும் வரியைத் தேடுங்கள். இணைக்க முயலும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறினால் காரணம் கிடைத்துவிட்டது. மதிப்பை 2 ஆக்கினால் சோதனை தளர்வாகும். ‘ஆல்’ என்பதற்கும் அந்த இன்டர்ஃபேஸுக்கும் உள்ள மதிப்புகளில் பெரியதுதான் நடைமுறைக்கு வரும். ஆகவே ‘ஆல்’ 1 ஆக இருக்கும்போது இன்டர்ஃபேஸில் 0 போட்டு எந்தப் பயனும் இல்லை.

இரண்டாவது, பதில் கிளம்பும், ஆனால் 10.10.0.1 அதை ஏற்காது. மேலாண்மை நெட்வொர்க்கிலிருந்து 10.20.0.11 என்ற முகவரியோடு பாக்கெட் வந்தால் எந்தப் பொறுப்பான ஃபயர்வாலும் போலி முகவரி என்றுதான் முடிவு செய்யும்.

மூன்றாவதுதான் பிங் போய் எஸ்எஸ்எச் தொங்கும் வகை. டிசிபி இணைப்பு சின், சின்-ஆக், ஆக் என்ற மூன்று கட்டத்தில் உருவாகிறது. சின் பாக்கெட் ஃபயர்வாலைக் கடந்து வருகிறது. சின்-ஆக் வேறு வழியாகக் கணினியை அடைந்துவிடுகிறது. கணினி அனுப்பும் ஆக் மறுபடி ஃபயர்வாலுக்கு வருகிறது. இடையில் சின்-ஆக் பார்க்காத ஃபயர்வால் அதைத் தூக்கிப் போடுகிறது. கணினி பக்கம் இணைப்பு உருவானதாகத் தெரியும், ஹோஸ்ட் பக்கம் சின்-ரிசீவ்ட் நிலையிலேயே நிற்கும். பிங்குக்கு இந்த மூன்று கட்டம் இல்லாததால் அது தப்பித்துவிடுகிறது.

உறுதி செய்ய ஒரே கட்டளை:

ஐபி ரூட் கெட் 10.60.5.20 ஃப்ரம் 10.20.0.11

விடையில் ‘டெவ் விஎம்பிஆர்0’ என்று வந்தால் பதில் தவறான வழியில் போகிறது.

தீர்வுக்கு அவசரமாக இரண்டாவது டிஃபால்ட் போடுவதுதான் வழக்கமான தவறு. அதற்கு முன், வெளியிலிருந்து யாரும் ஸ்டோரேஜ் முகவரியைத் தொட வேண்டியதே இல்லையோ என்று பாருங்கள். ஹோஸ்டின் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் இரண்டு முகவரியும் பதிவாகி இருப்பதாலேயே இது நேர்வதுண்டு. ஸ்டோரேஜ் பதிவை எடுத்தால் விஷயம் முடிந்தது.

ஒரு குறிப்பிட்ட தொலை நெட்வொர்க் மட்டும், எடுத்துக்காட்டாக 10.70.8.0/24-இல் இருக்கும் பேக்கப் சர்வர் மட்டும், ஸ்டோரேஜ் வழியாக வர வேண்டும் என்றால் ஒரு ஸ்டேடிக் ரூட் போதும்:

ஐபி ரூட் ஆட் 10.70.8.0/24 வயா 10.20.0.1 டெவ் விஎம்பிஆர்1

எங்கிருந்து வேண்டுமானாலும் வருவார்கள் என்றால்தான் பாலிசி ரூட்டிங். ஸ்டோரேஜ் முகவரியிலிருந்து கிளம்பும் பாக்கெட்டுக்கு மட்டும் தனி டேபிள்:

ஐபி ரூட் ஆட் 10.20.0.0/24 டெவ் விஎம்பிஆர்1 டேபிள் 20
ஐபி ரூட் ஆட் டிஃபால்ட் வயா 10.20.0.1 டெவ் விஎம்பிஆர்1 டேபிள் 20
ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 10.20.0.11 டேபிள் 20

டேபிள் எண் எதுவும் இருக்கலாம். 253, 254, 255 மூன்றையும் தொடாதீர்கள், அவை கெர்னலுடையவை. முதல் வரியை விட்டுவிடுபவர்கள் அதிகம். அது இல்லாவிட்டால், பக்கத்தில் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டிக்குப் போகும் பாக்கெட்கூட டேபிள் 20-இன் டிஃபால்டில் பொருந்தி ரவுட்டரைச் சுற்றிக்கொண்டு போகும். எல்லாம் வேலை செய்யும், ஸ்டோரேஜ் மட்டும் காரணமே தெரியாமல் மெதுவாக இருக்கும்.

பாலிசி ரூட்டிங்குக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே வந்த டிசிபி இணைப்புக்குப் பதில் சொல்லும்போது மூல முகவரி ஏற்கெனவே முடிவாகிவிட்டது, ஆகவே ரூல் பொருந்தும். ஹோஸ்டே புதிதாக வெளியே ஒரு இணைப்பைத் தொடங்கினால், எந்த முகவரியும் குறிப்பிடாதவரை மெயின் டேபிள்தான் பேசும். யூடிபி சர்வீஸ் 0.0.0.0-இல் கேட்டுக்கொண்டிருந்தாலும் இதே தொல்லை வரலாம், அதை 10.20.0.11-க்கு மட்டும் பைண்ட் செய்யுங்கள்.

நிரந்தரமாக்க, ப்ராக்ஸ்மாக்ஸில் விஎம்பிஆர்1 பகுதியில் இந்த மூன்று வரியையும் ‘போஸ்ட்-அப்’ என்று முன்னால் சேர்த்து எழுதலாம். நெட்வொர்க் மேனேஜரில் ‘ரூட்-டேபிள்’, ‘ரூட்டிங்-ரூல்ஸ்’ என்ற பண்புகளும், நெட்பிளானில் ‘ரூட்டிங்-பாலிசி’ என்ற பகுதியும் இதற்கென்றே இருக்கின்றன.

அறிகுறி: கேட்வேயைச் சேர்க்கவே விடவில்லை

‘நெக்ஸ்ட்ஹாப் ஹாஸ் இன்வேலிட் கேட்வே’ என்று வந்தால், நீங்கள் கொடுத்த கேட்வே எந்த நேரடி சப்நெட்டிலும் இல்லை என்று பொருள். பெரும்பாலும் மாஸ்க் பிழை: 10.10.0.11/24 என்பதற்குப் பதில் /32 என்றோ, /29 என்றோ இருக்கும். சில டேட்டா சென்டர்களில் வேண்டுமென்றே /32 முகவரியும் சப்நெட்டுக்கு வெளியே கேட்வேயும் தருவார்கள். அங்கே ரூட்டின் முடிவில் ‘ஆன்லிங்க்’ என்ற சொல்லைச் சேர்த்தால் கெர்னல் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: ரூட் சரியாக இருக்கிறது, கேட்வேக்கே பிங் போகவில்லை

‘ஐபி நெய்’ கொடுத்து 10.10.0.1-இன் நிலையைப் பாருங்கள். ‘ஃபெயில்டு’ அல்லது ‘இன்கம்ப்ளீட்’ என்றால் ஏஆர்பி-க்கு (ஐபி முகவரிக்கு உரிய வன்பொருள் முகவரியைக் கேட்கும் முறை) பதில் வரவில்லை. இது ரூட்டிங் பிரச்சினையே அல்ல. விலான் டேக் பொருந்தவில்லை, அல்லது கேபிள் வேறு போர்ட்டில் இருக்கிறது. டிசிபிடம்ப்பை ஈதர்நெட் தலைப்பும் காட்டச் சொல்லி ஓட்டினால் எந்த விலான் எண்ணோடு பாக்கெட் வருகிறது என்று தெரிந்துவிடும்.

பிரிட்ஜ் ஹோஸ்டுக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. பிரிட்ஜில் சேர்த்த பிறகும் ஃபிசிக்கல் கார்டில் பழைய முகவரி மிச்சமிருக்கும். ‘ஐபி ரூட்’ பட்டியலில் 10.10.0.0/24 இரண்டு தடவை வரும், ஒன்று கார்டின் பெயரில், ஒன்று விஎம்பிஆர்0 பெயரில். கார்டின் பெயரில் உள்ளது ஜெயித்தால், ஹோஸ்ட் ஏஆர்பி கேட்டாலும் பதில் பிரிட்ஜுக்குள் போய்விடும். கார்டில் முகவரியே இருக்கக் கூடாது. ‘ஐபி அட்ரஸ் ஃப்ளஷ்’ செய்து, கோப்பிலும் அதை ‘மேனுவல்’ ஆக்குங்கள்.

அறிகுறி: ஹோஸ்ட் வெளியே போகிறது, விஎம் போவதில்லை

ஹோஸ்டின் கேட்வேக்கும் விஎம்மின் கேட்வேக்கும் தொடர்பே இல்லை. பிரிட்ஜ் ஒரு சுவிட்ச் மட்டுமே. விஎம்பிஆர்2-இல் ஹோஸ்டுக்கு முகவரி இல்லாவிட்டாலும் அதிலுள்ள விஎம்கள் ஓடும், 10.30.0.1 என்ற கேட்வே விஎம்முக்குள் இருக்க வேண்டும். விஎம்பிஆர்2-க்கு ஹோஸ்டில் கேட்வே போட்டு இதைச் சரிசெய்ய முயல்பவர்கள் முதல் அறிகுறியைத் தாங்களே உருவாக்கிக்கொள்கிறார்கள்.

ஹோஸ்டே விஎம்களுக்கு நாட் (விஎம்மின் முகவரியை ஹோஸ்டின் முகவரியாக மாற்றுவது) செய்து தருகிறது என்றால் கதை வேறு. அப்போது ஐபி ஃபார்வர்ட் (பாக்கெட்டை வேறு இன்டர்ஃபேஸுக்குக் கடத்தும் கெர்னல் அமைப்பு) 1 ஆக இருக்க வேண்டும். அந்த முகவரி மாற்றத்தைச் செய்யும் மாஸ்கரேட் விதி டிஃபால்ட் ரூட் உள்ள இன்டர்ஃபேஸைக் குறிக்க வேண்டும். டிஃபால்ட் கார்டை மாற்றியவர்கள் இந்த விதியை மாற்ற மறப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் போகவில்லை, அதே ஹோஸ்டில் டாக்கர் (கன்டெய்னர் மென்பொருள்) இருக்கிறது என்றால், ஃபார்வர்ட் செயினின் பாலிசியைப் பாருங்கள். டாக்கர் அதை ‘டிராப்’ ஆக்கியிருக்கலாம். பிரிட்ஜ் நெட்ஃபில்டர் இயங்கினால் பிரிட்ஜில் போகும் விஎம் பாக்கெட்டும் அதில் மாட்டிக்கொள்ளும்.

அறிகுறி: ஒரே ஒரு முகவரி வரம்பு மட்டும் எட்டவில்லை

கேட்வே நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வரம்பு ஹோஸ்டுக்குள்ளேயே யாரோ எடுத்துக்கொண்டார்கள். லிப்விர்ட்டின் (லினக்ஸில் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) டிஃபால்ட் நெட்வொர்க் 192.168.122.0/24, டாக்கருடையது 172.17.0.0/16. உங்கள் அலுவலக நெட்வொர்க்கில் 172.17 பயன்பாட்டில் இருந்தால், நேரடி ரூட் டிஃபால்டை விடக் குறுகலானது என்பதால் பாக்கெட் ஹோஸ்டை விட்டு வெளியேறாது. ‘ஐபி ரூட் கெட்’ ஒரு விநாடியில் காட்டிக்கொடுக்கும். உள் நெட்வொர்க்கின் வரம்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

அறிகுறி: இஎஸ்எக்ஸ்ஐ-யில் வேறு சப்நெட்டுக்கு விமோஷன் தோல்வி

விஎம்வேரின் ஹோஸ்ட் மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ-யின் டிஃபால்ட் டிசிபி/ஐபி ஸ்டாக்கில் ஒரு கேட்வேதான். விமோஷனுக்கான (ஓடும் விஎம்மை வேறு ஹோஸ்டுக்கு நகர்த்துவதற்கான) விஎம்கேநிக், அதாவது ஹோஸ்டின் மெய்நிகர் நெட்வொர்க் கார்டு, அதே ஸ்டாக்கில் இருந்தால், வேறு சப்நெட்டில் இருக்கும் ஹோஸ்டுக்கான பாக்கெட் மேலாண்மைக் கேட்வே வழியாகப் போகப் பார்க்கும். வழிகள் மூன்று. விஸ்பியர் (இஎஸ்எக்ஸ்ஐ அடங்கிய விஎம்வேர் தொகுப்பு) 6.0 முதல் விமோஷனுக்கென்றே தனி ஸ்டாக் உண்டு, அதற்குத் தனி கேட்வே. 6.5 முதல் விஎம்கேநிக் ஒவ்வொன்றிலும் கேட்வேயை மேலெழுதலாம். அதற்கும் முந்தையது என்றால் ‘இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ’ மூலம் ஸ்டேடிக் ரூட்.

ஏற்கெனவே இருக்கும் விஎம்கேநிக்கை வேறு ஸ்டாக்குக்கு நகர்த்த முடியாது. அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். விமோஷன் ஸ்டாக்கில் ஒன்று வந்ததும், டிஃபால்ட் ஸ்டாக்கில் இருப்பவை விமோஷனுக்குப் பயன்படாது. ஆகவே எல்லா ஹோஸ்டையும் சேர்த்து ஒரே பராமரிப்பு நேரத்தில் மாற்றுங்கள். சோதிக்கும்போது ‘விஎம்கேபிங்’ கட்டளைக்கு ஸ்டாக்கின் பெயரையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் டிஃபால்ட் ஸ்டாக்கிலேயே தேடித் தோற்கும். எம்டியு (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 என்றால் துண்டாக்காமல் 8972 பைட் அனுப்பிப் பாருங்கள். ஐபி தலைப்பு 20, ஐசிஎம்பி தலைப்பு 8 சேர்ந்தால் 9000 ஆகும். சிறிய பிங் போய் இது போகாவிட்டால், நடுவில் இருக்கும் ரவுட்டர் 1500-இலேயே நிற்கிறது.

மேலாண்மைக் கேட்வேயை மாற்றும்போது எச்ஏ-வை (ஹோஸ்ட் விழுந்தால் விஎம்களை வேறு ஹோஸ்டில் எழுப்பும் வசதி) மறக்காதீர்கள். ஹோஸ்ட் தனிமைப்பட்டதா என்று முடிவு செய்ய எச்ஏ இயல்பாக அந்தக் கேட்வேக்குத்தான் பிங் அனுப்புகிறது. புதிய கேட்வே பிங்குக்குப் பதில் தராத ஃபயர்வால் என்றால், எச்சரிக்கை தொடர்ந்து வரும். பதில் தரும் வேறு முகவரியை ‘டாஸ்.ஐசோலேஷன்அட்ரஸ்0’ என்பதில் கொடுத்து, ‘டாஸ்.யூஸ்டிஃபால்ட்ஐசோலேஷன்அட்ரஸ்’ என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்குங்கள்.

அறிகுறி: முதல் கேட்வே செத்தும் இரண்டாவது பொறுப்பேற்கவில்லை

மெட்ரிக் 100-இல் ஒன்று, 200-இல் ஒன்று என்று இரண்டு டிஃபால்ட் போட்டு மாற்று ஏற்பாடு செய்துவிட்டதாக நினைப்பார்கள். லினக்ஸ் கேட்வே உயிரோடு இருக்கிறதா என்று சோதித்து ரூட்டை மாற்றுவதில்லை. சுவிட்ச் வரை லிங்க் இருந்து, அதற்கு அப்பால் ரவுட்டர் செத்தால் 100-இலேயே பாக்கெட் போய்க்கொண்டிருக்கும். கேபிளையே பிடுங்கினாலும் ஸ்டேடிக் ரூட் ‘லிங்க்டவுன்’ என்ற குறியோடு டேபிளில் இருக்கும். ‘இக்னோர் ரூட்ஸ் வித் லிங்க்டவுன்’ என்ற கெர்னல் அமைப்பு இயல்பில் 0 என்பதால் அது தொடர்ந்து தேர்வாகும். பிரிட்ஜில் விஎம்களின் டேப் போர்ட்டுகள் (விஎம்மைப் பிரிட்ஜோடு இணைக்கும் மெய்நிகர் போர்ட்டுகள்) எழுந்திருந்தால், ஃபிசிக்கல் கார்டு விழுந்தும் பிரிட்ஜ் விழாது, ஆகவே அந்தக் குறிகூட வராது. மாற்று ஏற்பாடு ரவுட்டர் பக்கம்தான் இருக்க வேண்டும்: விஆர்ஆர்பி மூலம் இரண்டு ரவுட்டரும் 10.10.0.1 என்ற ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ளட்டும். ஹோஸ்டில் கேபிள், சுவிட்ச் பழுதுக்கு விஎம்பிஆர்0-க்கு அடியில் இரண்டு கார்டு கொண்ட ஒரு பாண்ட் போடுங்கள், கேட்வே வரி ஒன்றாகவே இருக்கட்டும்.